ஐம்பதுகளிலேயே சீனியர் லிவிங் வளாகத்துக்குக் குடிவந்தது பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த சுமார் 78 ஆயிரம் பேரில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு 54 வயது. அடுத்த வருஷக் கடைசியில் கணவரும் 57 வயதில் தனியார் கம்பெனி வேலையை விட்டார். மடிப்பாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் போகிற வழியில் உள்ள ஒரு வளாகத்துக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். நாலு வருஷம் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் போனிலும் பழைய ஆபீஸ் நண்பர்களும் உறவுக்காரர்களும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

"என்னடி, முதியோர் இல்லத்துக்கா போயிட்ட?"

இல்லை. முதியோர் இல்லம் என்றால் ஒரு நிர்வாகம் நடத்தும் இடம், அங்கே நமக்கு ஒரு கட்டிலோ அறையோ கொடுப்பார்கள். நான் இருப்பது என் பெயரிலும் கணவர் பெயரிலும் பத்திரம் பதிவான இரண்டு படுக்கையறை வீடு. சாவி என்னிடம், சமையலறை என்னிடம். வெளியே போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், போன மாதம் பத்து நாள் கும்பகோணம் பக்கம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு வந்தோம்.

வித்தியாசம் என்னவென்றால், வாசலில் படி கிடையாது, சாய்தளம். பாத்ரூமில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி. கதவுகள் வீல்சேர் நுழையும் அகலம். பொதுச் சாப்பாட்டுக்கூடம் ஒன்று, இருபத்திநாலு மணி நேரமும் ஒரு நர்ஸ், ஒரு ஆம்புலன்ஸ். எல்லா வீட்டிலும் குறைந்தது ஒருவராவது ஐம்பதைத் தாண்டியவர். மற்றபடி இது ஒரு குடியிருப்பு, அவ்வளவுதான். அதற்காக முதியோர் இல்லம் என்ற சொல்லை இழிவாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அப்படி ஒரு இடம் தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய ஆதரவு.

"இந்த வயசுலயே அங்க போய் என்ன பண்ணப்போற? இன்னும் இருபது வருஷம் கழிச்சுப் போகலாமே?"

என் நாத்தனார் இன்றுவரை கேட்பது இது. நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான். எழுபத்தைந்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் தாங்களாக வருவதில்லை, கொண்டுவந்து விடப்படுகிறார்கள். இடுப்பு முறிந்தோ, துணை போய்ச் சேர்ந்தோ, பிள்ளைகள் பத்து நாள் லீவில் வந்து, பார்த்த மூன்றாவது இடத்தில் கையெழுத்துப் போட்டு, சாமான்களை ஏற்றிவிடுகிறார்கள். அந்த நிலைமையில் புது மனிதர்களோடு பழகச் சொன்னால் யாரால் முடியும்? ஆறு மாதம் ஆகியும் கதவைத் திறக்காமல் சாப்பாட்டை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்பவர்களை இங்கே பார்க்கிறேன். அவர்கள் மேல் தப்பே இல்லை.

நாங்கள் வந்தபோது பத்து இடங்களைச் சொந்தக் காலில் நடந்து பார்த்தோம், பேரம் பேசினோம், பத்திரத்தை வரிவரியாகப் படித்தோம். வந்தபின் கணவர் தண்ணீர்க் கமிட்டியில் சேர்ந்தார், நான் நூலக அலமாரியை எடுத்துக்கொண்டேன். எனக்கு முடியாமல் போகிற நாளில் என்னைப் பார்க்க வருகிறவள், நான் நன்றாக இருந்தபோது என்னோடு ஐந்து வருஷம் காலை நடை போனவளாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் உண்டாக வருஷங்கள் பிடிக்கும், அதனால்தான் சீக்கிரம் வந்தேன்.

"வயசு வரம்பு என்ன? எனக்கு 52, வீட்டுக்காரிக்கு 47. சேர்த்துப்பாங்களா?"

நம் நாட்டில் இதற்கென்று ஒரே சட்ட வயது கிடையாது. 2007ஆம் வருஷத்து பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 60 வயதானவரை மூத்த குடிமகன் என்கிறது, ஆனால் வளாகங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் 50 என்றோ 55 என்றோ வைத்துக்கொள்கின்றன. தம்பதியில் ஒருவருக்கு அந்த வயது ஆகியிருந்தால் பெரும்பாலும் போதும், எனவே 50 வரம்பு உள்ள இடத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்த 55 என்ற எண் அமெரிக்காவிலும் உண்டு. 1960 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் சன் சிட்டி என்ற ஊரைத் திறந்தபோதுதான், ஓய்வு பெற்றவர்கள் கோல்ஃப், நீச்சல், கைவேலை என்று சுறுசுறுப்பாக வாழ ஒரு தனிக் குடியிருப்பு என்ற எண்ணம் அங்கே பெரிய அளவில் பரவியது. அங்கே 1995 சட்டப்படி, 55 வயதுக்காரர்களுக்கான குடியிருப்பு என்றால் குறைந்தது 80 சதவீத வீடுகளில் 55 வயதானவர் ஒருவராவது இருக்க வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லாததால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் விதி. அதை வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

"ஏன் கோயம்புத்தூர்? சென்னைலயே கிடைக்காதா?"

சென்னையைச் சுற்றியும் இருக்கின்றன. ஆனால் கோவையில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாதிரி வளாகங்கள் வந்துகொண்டே இருப்பதால் பழகிய வேலையாட்கள், நல்ல ஆஸ்பத்திரிகள், ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி எல்லாம் இங்கே அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் வருகிற காற்று ஒன்று போதும், சென்னையின் வியர்வை மறந்துவிடும். ஏப்ரல் இங்கேயும் சுடும், அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சிறுவாணித் தண்ணீர் என்று சொல்லி விற்பார்கள், மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பல வளாகங்களில் குழாயில் வருவது போர் தண்ணீர்தான், குக்கர் அடியில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று குடியிருப்பவர் ஒருவர் வீட்டில் பாருங்கள். அப்புறம் யானை. மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் இரவில் யானை இறங்கும். இருட்டியபின் வளாகத்துக்கு வெளியே நடக்கக் கூடாது என்பது இங்கே உண்மையான விதி.

"மாசம் எவ்வளவு ஆகுது? ஒளிக்காம சொல்லு."

எங்கள் கணக்கு இது. மெயின்டனன்ஸ் 11,600 ரூபாய். ஒரு வளாகத்தில் மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, குடியிருப்போர் சங்கத்தின் (அசோசியேஷன்) ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. உண்டு, எங்களுக்கு அது 2,088. சாப்பாடு ஒருவருக்கு நாளைக்கு 240, மூன்று வேளையும் கூடத்திலேயே சாப்பிட்டால் இரண்டு பேருக்கு மாதம் 14,400. கரண்ட்டையும் சேர்த்தால் முப்பதாயிரம். மாமியாருக்குச் சாப்பாடும் பகல்நேர உதவியாளரும் தனி. வைத்தியம், பெட்ரோல், மொய் எல்லாம் இதில் சேராது.

இந்த எண்ணை விட முக்கியம் அது எப்படி ஏறுகிறது என்பது. நாங்கள் வந்தபோது மெயின்டனன்ஸ் 8,200. வருஷத்துக்கு ஏறக்குறைய 9 சதவீதம் ஏறியிருக்கிறது. ஐம்பத்தைந்தில் வருகிறவர் முப்பது வருஷத்துக்குக் கணக்குப் போட வேண்டும், எழுபத்தைந்தில் வருகிறவருக்குப் பத்துப் பதினைந்து வருஷக் கணக்குப் போதும். சீக்கிரம் வருவதில் உள்ள ஒரே பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். கடந்த ஐந்து வருஷ மெயின்டனன்ஸ் ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்குகிற இடத்தில் அதற்குமேல் பேச்சு வேண்டாம்.

"உனக்குப் பென்ஷன் இருக்கு. பிரைவேட்ல இருந்தவங்க என்ன பண்றது?"

என் கணவர் அந்த வகைதான். பி.எஃப். பென்ஷன் முழுசாக 58 வயதில்தான். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 50க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் ஆயுசுக்கும் குறைந்துவிடும். அவர் ஒரு வருஷம் பொறுத்து 58 ஆனபின் எழுதிப் போட்டார். தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பொதுவாக 60 வயதுக்கு, ஆனால் 55 முடிந்து ஓய்வு பெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேரலாம், ஒருவருக்கு 30 லட்சம் வரை. எனக்கு அப்போது 54, அதனால் கிடைக்கவில்லை. தேதியை நிர்ணயிக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால் 55 தாண்டி வெளியே வாருங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வேலையை விட்டதும் கம்பெனி பாலிசி போய்விடும். போவதற்கு முன்பே அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறக் கேட்டால், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். 2024 ஏப்ரலிலிருந்து 65க்கு மேற்பட்டவர்களும் புதுப் பாலிசி வாங்கலாம், பழைய நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று வருஷமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கான செலவை அந்தப் பாலிசி பொதுவாகத் தராது. அதற்குத் தனியாகப் பணம் எடுத்துவையுங்கள்.

"தினமும் மெஸ் சாப்பாடா? அசைவம் சமைக்கலாமா?"

காலை ஏழரைக்கு இட்லி, சட்னி, இரண்டு பாத்திரத்தில் சாம்பார், ஒன்றில் வெங்காயம் பூண்டு இருக்கும், ஒன்றில் இருக்காது. மூன்றாம் மாதத்தில் எனக்குச் சலித்துத்தான் போனது. இப்போது மதியம் மட்டும் அங்கே, மற்றதை வீட்டில் செய்கிறேன். நம் விருப்பத்துக்கு இப்படிக் குறைத்துக்கொள்ள முடியுமா, இல்லை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முழுப் பணமா என்று முதலிலேயே கேளுங்கள்.

அசைவம் பற்றி நேராகவே சொல்கிறேன். இங்கே பல வளாகங்கள் சுத்த சைவம், சிலவற்றில் உங்கள் சொந்தச் சமையலறையில் முட்டை அவிப்பதற்குக்கூடத் தடை. ஐம்பது வருஷமாக மீன் சாப்பிட்டு வளர்ந்தவர் முப்பது லட்சம் கொடுத்து வாங்கிய வீட்டில் ஒளித்துச் சாப்பிட வேண்டிய நிலைமை எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வளாகத்தில் பொதுக்கூடம் சைவம், வீட்டுக்குள் அவரவர் விருப்பம். அப்படி உள்ள இடங்களும் இருக்கின்றன, தேடுங்கள். சிலர் சாப்பாட்டு விதியைச் சொல்வதுபோல் வேறு எதையோ சொல்வார்கள், அதையும் காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தார் எப்படிப்பட்டவர்கள் என்று அதில் தெரிந்துவிடும்.

"பொழுது எப்படிப் போகுது?"

ஆரம்பத்தில் போகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வேலைக்குப் போன உடம்புக்குக் காலை ஒன்பது மணி ஆனால் எங்கேயோ கிளம்ப வேண்டும் போலிருக்கும். யோகா, பஜனை, கேரம், தம்போலா என்று வளாகமே அட்டவணை போட்டுத் தரும். அதை நம்பி மட்டும் வந்தால் ஆறு மாதம் தாங்காது. இப்போது வாரம் மூன்று நாள் பக்கத்து கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், கணவர் மொட்டை மாடித் தோட்டத்தில் கீரை போடுகிறார். பஸ் நிறுத்தம் நடக்கிற தூரத்தில் இருக்கும் வளாகமாகப் பார்த்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஊருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டரில் உள்ள அழகான வளாகம் கார் ஓட்டும் வரைதான் சுகம்.

"எங்க அம்மாவுக்கே 80. அவங்களை விட்டுட்டு நான் எப்படி அங்க வர்றது?"

விட்டுவிட்டு வர வேண்டாம், கூட்டிக்கொண்டு வாருங்கள். ஐம்பதுகளில் ஓய்வு பெறுகிற பலருக்கும் அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். இந்த வளாகங்கள் உண்மையில் அந்த மாதிரிக் குடும்பத்துக்கு மிகவும் பொருந்தும். மாமியாருக்கு அப்போது 81. மடிப்பாக்கத்தில் மாடி வீடு, இரண்டு வருஷம் அவர் தெருவில் கால் வைக்கவில்லை. இங்கே வந்த மூன்றாவது வாரம், வாக்கரைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் தானே இறங்கி, பவளமல்லி மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே அவர் வயதில் இன்னும் மூன்று பேர். ஒருவர் திருவாரூர்க்காரர், இவர் நன்னிலம். அன்று பேச ஆரம்பித்தவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு நான் போய் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் உண்டா, கூட வசிக்கும் பெற்றோருக்கும் நர்ஸ் வசதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"பையன் கோவிச்சுக்கலையா? பேரன் வந்தா தங்கலாமா?"

கோபம் இல்லை, அவமானமாக நினைத்தான். தன் நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்று வருத்தப்பட்டான். மேலே முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைத்தான் அவனுக்கும் சொன்னேன். வந்து நாலு நாள் தங்கியபின் சரியாகிவிட்டான். பேரக்குழந்தைகள் வந்து தங்கலாம். எங்களுக்கு வருஷத்தில் 60 நாள் வரை, அதற்கு மேல் அசோசியேஷனிடம் சொல்ல வேண்டும். நமக்குப் பின் வீடு பிள்ளைகளுக்குத்தான் போகும், ஆனால் அந்த வயது வரும்வரை அவர்கள் அதில் குடியிருக்க முடியாது, விற்கலாம் அல்லது வயது பொருந்துகிறவருக்கு வாடகைக்கு விடலாம். இதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

"வாங்கறதா, வாடகைக்கு இருக்கறதா?"

முதல் ஆறு மாதம் வாடகை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நாங்கள் முதலில் வேறொரு வளாகத்தில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்தோம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் லிஃப்ட் கெட்டால் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. மாமியார் மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டார். வாங்கியிருந்தால் என்ன செய்திருப்போம்?

மூன்று விதம் உண்டு: பத்திரம் போட்டு வாங்குவது, ஆயுள் குத்தகை மாதிரிப் பெரிய டெபாசிட் கட்டுவது, மாத வாடகை. டெபாசிட் முறையில் வீடு நம் பெயருக்கு வராது, திரும்பும் தொகையில் வருஷா வருஷம் கழிவு இருக்கும். எழுபதைத் தாண்டியவருக்கு அது சரிப்படலாம், ஐம்பத்தைந்துக்கு வேண்டாம் என்பேன்.

"பத்திரத்துல என்னென்ன பார்க்கணும்?"

சாதாரண ஃப்ளாட்டுக்குப் பார்ப்பதெல்லாம் இதற்கும்: தாய்ப்பத்திரம், வில்லங்கம், யூ.டி.எஸ். (நிலத்தில் நம் பங்கு) எவ்வளவு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண். ரெரா சட்டப்படி, வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், கட்டடக் கோளாறு ஐந்து வருஷத்துக்குள் தெரிந்தால் பில்டரே சரிசெய்ய வேண்டும்.

இதற்கு மேல் ஒரு தனிச் சிக்கல். வீடு விற்கிறவர் ஒருவர், சாப்பாடும் நர்ஸும் தருகிறவர் இன்னொருவர். வீட்டுக்கான பத்திரத்தில் அந்தச் சேவைகள் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சேவை ஒப்பந்தத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை வருஷம், கட்டண உயர்வுக்கு வரம்பு, மறுவிற்பனையில் அவர்களுக்கு எத்தனை சதவீதம், எல்லாம் எழுதியிருக்க வேண்டும். 2019இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வு இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது, அது வெறும் மாதிரிதான் என்றாலும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க உதவும்.

"நடத்தறவங்க கையை விரிச்சுட்டா?"

எங்களுக்கே நடந்தது. சாப்பாடு நடத்தியவர் கட்டுபடியாகவில்லை என்று இரண்டாவது வருஷம் பதினைந்து நாள் நோட்டீஸில் போய்விட்டார். அசோசியேஷன் பதிவாகியிருந்ததால், கார்பஸ் பணம் (எல்லா வீட்டுக்காரர்களும் கட்டிய பொது நிதி) பில்டர் கணக்கில் இல்லாமல் அசோசியேஷன் கணக்கில் இருந்ததால் பிழைத்தோம். எங்களை மாதிரி ஐம்பதுகளில் இருந்த ஆறேழு பேர் முறைபோட்டு உக்கடம் மார்க்கெட்டுக்கு வண்டி எடுத்துப் போனோம், பதினோரு நாள், அப்புறம் புது ஆள் வந்தார். வெறும் எண்பது வயதுக்காரர்கள் மட்டும் உள்ள வளாகமாக இருந்திருந்தால் சிரமம். குடியிருப்பவர்களின் வயது கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா? படுத்த படுக்கையா ஆயிட்டா?"

இரண்டும் வேறு வேறு. முதலாவதற்குப் பாத்ரூமில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், இழுத்தால் நர்ஸ் அறையில் மணி அடிக்கும். எதிர்வீட்டு மாமா ஒரு நாள் விடிகாலை இரண்டே முக்காலுக்கு விழுந்தார். எழ முடியவில்லை, கையை நீட்டி இழுத்தார், நாலைந்து நிமிஷத்தில் ஆள் வந்துவிட்டது. கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்கியதால்தான் எட்டியது. நீங்கள் பார்க்கப் போகிற இடத்தில் அந்தக் கயிற்றைப் பாருங்கள், துடைக்க இடைஞ்சல் என்று சுருட்டி மேலே கட்டிவைத்திருப்பார்கள். மாதிரி வீட்டில் பார்க்காதீர்கள், ஆள் குடியிருக்கும் வீட்டில் பாருங்கள்.

படுக்கையில் விழுந்தால் என்ன என்பதற்குப் பெரும்பாலான வளாகங்களில் தெளிவான பதில் இருக்காது. தானாக நடமாடுகிறவர்களுக்கான இடம் இது. சில இடங்களில் உள்ளேயே தனிப் பராமரிப்புப் பிரிவு உண்டு, சில இடங்களில் நாமே ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், சில ஒப்பந்தங்களில் மறதி நோய் முற்றினால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றே எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

"அடிக்கடி சாவு நடக்குமே, மனசு கஷ்டப்படாதா?"

கஷ்டப்படும். நாலு வருஷத்தில் பதினான்கு பேரை வழியனுப்பியிருக்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதுவரை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று இங்கே ஒரு முறை இருக்கிறது, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு பேர். நானும் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையில் எங்கள் தெருவில் ஒருவர் இறந்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் இங்கே இருப்பதையே விரும்புகிறேன்.

"நான் தனி ஆள். கல்யாணம் பண்ணிக்கலை, வயசு 53. எனக்கு இது சரிப்படுமா? இல்லைன்னா, ஜோடியா வந்து ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தர் கதி என்ன?"

இரண்டு கேள்வியும் ஒரே தோழி கேட்டது, இரண்டும் ஒரே கேள்விதான். இங்கே தனியாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பணத்தில் ஒரு நியாயமில்லாத விஷயம் உண்டு, மெயின்டனன்ஸ் சதுர அடிக் கணக்கில் வருவதால் ஒருவர் போனாலும் அது குறையாது, பென்ஷன் மட்டும் குடும்பப் பென்ஷனாகக் குறைந்துவிடும். அதனால் தனி ஆள் சின்ன வீடாக வாங்குங்கள். ஜோடியாக இருந்தால் பத்திரத்திலும் சேவை ஒப்பந்தத்திலும் இரண்டு பேர் பெயரும் வேண்டும், வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்காக இருக்க வேண்டும், உயில் எழுதிவைக்க வேண்டும். தனி ஆள், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட யார் என்பதை முன்கூட்டியே எழுதி நர்ஸ் அறையில் கொடுத்துவையுங்கள்.

அந்தத் தோழி போன ஜூலையில் மூன்று மாத வாடகைக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி, ஒரு படுக்கையறை வீடு. மூன்று மாதம் முடிந்து இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டியிருக்கிறாள், வாங்குவது பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.